அக்காவின் குரலில் ஒரு வாக்கு

போன வாரம் குட்டியை எங்கே விட்டோம்? தொகுதி அலுவலகத்தின் மேசையில் விரித்துப் போட்ட மேம்பால வரைபடத்தின் மேல் ஒரு விரலை ஊன்றியபடி, பேயறைந்தவளாக நின்றுகொண்டிருந்தாள். விரல் இருந்த இடம் ரயில்வே கேட்டை ஒட்டிய தெரு. அதன் வலப்பக்க வரிசை முழுவதும் பாலத்தின் தூண்களுக்குப் போகிறது. வரிசையின் கோடியில் இருப்பது வீட்டோடு சேர்ந்த ஒரு தையல்கடை.

அந்தத் தையல்கடைக்காரிக்குத்தான், 'உங்க வரிசையைத் தொட மாட்டாங்க' என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவள் குட்டி. கொடுத்தது அக்காவின் பெயரில்.

கதைக்குப் புதிதாக வந்தவர்கள் முழிக்க வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்.

குட்டி என்றால் சின்னப் பெண் இல்லை. நாற்பதைத் தாண்டி, படிக்கக் கண்ணாடி தேடுகிற வயது. வீட்டில் இளையவள் என்று ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் உதிரவில்லை. அவளுடைய அக்கா இந்தத் தொகுதியின் எம்.பி. அக்கா தலைநகரில் கூட்டத்தொடரில் இருக்கும் வாரங்களில், வராத ஓய்வூதியம், கிடைக்காத ஆஸ்பத்திரிப் படுக்கை, நிற்காமல் போகும் ரயில் என்று வருகிறவர்களின் பாட்டையெல்லாம் கேட்டு, அதிகாரிகளின் கதவைத் தட்டுகிறவள் குட்டிதான். ஊரில் அவளுக்கு 'ஆபீசம்மா' என்று பெயர்.

முகத்தில் இருவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அக்கா நெடுநெடுவென்று அப்பாவைக் கொண்டவள். குட்டி உருண்டையாக அம்மாவைக் கொண்டவள். ஆனால் குரல் மட்டும் இருவருக்கும் ஒரே அச்சு. போனில் கூப்பிட்டால் பெற்ற தாயே, "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் திட்டவே ஆரம்பிப்பாள்.

ஒருநாள் யாரோ ஒருவர், "மேடம், நீங்களே போனை எடுப்பீங்கன்னு நினைக்கவே இல்லை" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். 'நான் தங்கச்சி பேசறேன்' என்று சொல்லியிருக்கலாம். குட்டி சொல்லவில்லை. அந்த மேடத்தில் ஒரு ருசி இருந்தது. "சொல்லுங்க" என்றாள். வினை அங்கேதான் விதைக்கப்பட்டது.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. 'எங்க எம்.பி.க்குக் கர்வமே கிடையாது, போனை அவங்களே எடுப்பாங்க' என்று ஊர் மெச்சியது. தேர்தல் மேடையில்கூட அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டு கேட்டாள். தலைநகரில் இருக்கும் நான் எப்படி இந்த ஊர்ப் போனை எடுக்கிறேன் என்று தங்கையிடம் அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை.

தையல்கடைக்காரி கூப்பிட்டது அப்படி ஒரு நாளில்தான். "பாலத்துக்கு இடம் கொடுக்கறவங்களுக்குக் கட்டற புது வீட்டுக்குச் சம்மதம் முன்னாடியே சொல்றவங்களுக்குத்தான் கீழ்த்தளம் கிடைக்குமாம். சொல்லிடட்டுமாம்மா? மனசு வரலை. இந்தக் கடையிலதான் என் பொழைப்பே" என்று அவள் தழுதழுத்தாள். பாலம் கிழக்கே வளைவதாகப் போட்ட பழைய வரைபடம்தான் குட்டியின் நினைவில் இருந்தது. பரிதாபம் பொங்கிக்கொண்டு வந்தது. "அவசரப்படாதீங்க. உங்க வரிசையைத் தொட மாட்டாங்க. நான் இருக்கேன்ல?" என்றுவிட்டாள். அன்று மாலையே அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள நினைத்தாள். அதற்குள் எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்தது. உடைந்த குழாயோடு இந்த நினைப்பும் போயிற்று.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா ஊருக்கு வந்திருந்தாள். இன்று மண்டபத்தில் மேம்பாலக் கூட்டம். சாப்பாட்டு மேசையில் அக்கா ஒரு காதில் போனும் ஒரு கையில் ரொட்டியுமாக நடந்துகொண்டிருந்தாள். அத்தான் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று சாப்பிட்டார். பல் டாக்டர் வேறு எப்படிச் சாப்பிடுவார்?

"என்ன குட்டி, முகம் வீங்கியிருக்கு? பல்வலியா?"

"இல்லை அத்தான்."

"பல்வலின்னா என்கிட்ட சொல்லு. வேற வலின்னா உங்க அக்காகிட்ட சொல்லு. அவ பிடுங்கினா மரத்துப்போக ஊசி போட மாட்டா, பார்த்துக்க."

குட்டி சிரிக்கப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, குடைந்தது.

"அக்கா, உன்கிட்ட ஒரு விஷயம்..."

"கார்ல சொல்லுடி" என்றாள் அக்கா, போனைக் கையால் மூடிக்கொண்டு.

காரில் ஏறியதும் அடுத்த போன் வந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்த ஒரு பையனின் அப்பா. அக்கா அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "உங்க பையன் எந்த ஊர்ல இருக்கான், யார்கிட்ட வேலை பார்க்கறான், இதை மட்டும் எனக்கு மெதுவா சொல்லுங்க. நான் தூதரகத்துல கேட்டுட்டு உங்களைக் கூப்பிடறேன். கண்டிப்பா முடியும்னு சொல்ல மாட்டேன். கண்டிப்பா கேட்பேன்" என்றாள்.

குட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரே குரலில் பேசுகிற இரண்டு பேரில் ஒருத்தி எப்படி அளந்து பேசுகிறாள், இன்னொருத்தி எப்படி அள்ளி வீசியிருக்கிறாள்!

அக்கா போனை மடியில் வைத்தாள். "ம், சொல்லு. காலையில என்னவோ சொல்ல வந்தியே."

இதோ, கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. குட்டி வாயைத் திறந்தாள்.

"மண்டபத்துல ரெண்டு மைக் வெச்சிருக்கோம். அதுல ஒண்ணு கரகரங்குது."

அக்கா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மைக்குக்கு வாயிருந்தால் காறித் துப்பியிருக்கும்.

மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சும்மாவா? ரயில்வே கேட் மூடிக்கிடந்ததால் ஆம்புலன்சிலேயே பிள்ளை பெற்றவர்களும், ஆம்புலன்சிலேயே கண்ணை மூடியவர்களும் இந்த ஊரில் உண்டு. பாலம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அக்கா எழுந்து கேட்காத கூட்டத்தொடர் இல்லை. இத்தனை வருஷ அலைச்சலுக்குப் பிறகு அனுமதி வந்திருக்கிறது. அவள் மேடையேறியதும் எழுந்த கைதட்டல் நிஜமான கைதட்டல். குட்டிக்கும் கண் கலங்கியது. அக்காவின் வாழ்நாள் வேலை இது, அதில் போய் நான் ஒரு முள்ளைச் செருகி வைத்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டாள்.

மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை. குட்டிக்கு அங்கே இடம். பொறியாளர் படத்தைக் காட்டிப் பேசி முடித்தார். பிறகு கேள்வி நேரம். தூசி பற்றி ஒருவர் கேட்டார். தூண்களுக்கு அடியில் வண்டி நிறுத்த விடுவார்களா என்று ஒருவர் கேட்டார். மூன்றாவதாக ஒரு பெண் எழுந்தாள். கடையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

குட்டி தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் கேட் தெரு தையல்கடை. உங்ககூட போன்ல பேசியிருக்கேன்."

"சொல்லுங்கம்மா" என்றாள் அக்கா.

"புது வீட்டுக்குச் சம்மதம் சொல்லிடட்டுமான்னு கேட்டேன். அவசரப்படாதீங்க, உங்க வரிசையைத் தொட மாட்டாங்கன்னு சொன்னீங்க. நான் இருக்கேன்லன்னு சொன்னீங்க. அதை நம்பி நான் சும்மா இருந்துட்டேன். இப்ப கீழ்த்தளமெல்லாம் போயிடுச்சு, மூணாவது மாடிதான் இருக்குங்கறாங்க. கால்சட்டை கிழிஞ்சா அதைத் தைக்க மூணு மாடி யாரும்மா ஏறி வருவாங்க?"

கடைசிக் கேள்விக்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அக்கா மைக்கை மேசையில் வைத்தாள். தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள், நிதானமாக. குடித்துக்கொண்டே அவள் பார்வை மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டு மேசையில் வந்து நின்றது.

எழுந்து நின்று ஒரே ஒரு வரி. 'பேசினது நான்தான், அக்கா இல்லை.' அவ்வளவு போதும். குட்டியின் கால்கள் எழப் பார்த்தன. கூட்டத்தின் அத்தனை முகங்களும் கண்ணில் பட்டன. இந்த முகங்களில் எத்தனை பேர் 'எம்.பி.யே எங்கிட்ட பேசினாங்க' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள்! குட்டி சட்டென்று குனிந்து, விழாத பேனாவை மேசைக்கடியில் தேட ஆரம்பித்தாள்.

மேலே அக்காவின் குரல் கேட்டது. "நான் உங்ககிட்ட அப்படிச் சொல்லலைம்மா."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"நான் சொல்லலை."

"வீடு போகுதுன்னதும் கதை கட்டறா" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "எம்.பி. தலையிலேயே பழியைப் போடறாளே, நெஞ்சழுத்தத்தைப் பாரு!" என்றது இன்னொன்று. சிரிப்பு பரவியது. பக்கத்திலிருந்த அவள் கணவர், பஸ் டிரைவர் சீருடையில் இருந்தவர், அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "உட்காரு. மானம் போகுது."

அவள் உட்காரவில்லை. சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களில் பாதிப் பேர் அவள் கையால் தைத்ததைத்தான் போட்டிருந்தார்கள். பிறகு அவளாகவே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெளியே போனாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்.

மேசைக்கடியில் குட்டிக்குத் தரை மட்டும் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் அக்கா பொறியாளர்களோடு தூண் இடங்களைப் பார்க்கக் கிளம்பினாள். தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருந்ததே நல்லதாகப் போயிற்று என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே குட்டிக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது.

கால் போன போக்கில் நடந்தவள் ரயில்வே கேட்டில் வந்து நின்றாள். வழக்கம்போல் மூடியிருந்தது. பக்கத்தில் கூடையோடு நின்ற இரண்டு பெண்கள் மண்டபத்துக் கதையை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"என் பிள்ளைங்க சீருடையை அவகிட்டதான் கொடுத்திருக்கேன். போய் வாங்கிட்டு வந்துடணும்."

"ஏன், நல்லாத்தானே தைப்பா?"

"தைப்பா. ஆனா இவ்வளவு பெரிய பொய்யைச் சபையில வாய்கூசாம சொல்றவகிட்ட துணியைக் கொடுத்துட்டு, அப்புறம் நான் கொடுக்கவே இல்லைன்னு சொல்லிட்டா?"

ரயில் தடதடத்துப் போனது. கேட்டைத் தூக்கியதும் அந்த இரண்டு பேரும் கடந்து போனார்கள். குட்டி நின்ற இடத்திலேயே நின்றாள். வீடு போனால் வேறு வீடு. அந்தப் பெண்ணின் நாணயம் போனால்? அதை எந்தத் தளத்தில் கட்டிக் கொடுப்பார்கள்? பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் கால் நகர்ந்தது. அலுவலகத்துக்குப் போகும் வழி இடப்பக்கம். குட்டி வலப்பக்கம் திரும்பினாள்.

தையல்கடை வாசலுக்கு வரும்போதே உள்ளே சண்டை கேட்டது.

"எதையாவது நீயே நினைச்சுக்கறது. இந்த இடத்தை விட உனக்கு மனசில்லை, அதை எம்.பி. சொன்னதா ஆக்கிட்டே" என்றார் டிரைவர்.

"நான் பொய் சொல்றேன்னு நீங்களும் சொல்றீங்களா?"

"பொய்யின்னு சொல்லலை. பிரமைன்னு சொல்றேன்."

குட்டி கதவைத் தட்டினாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். தையல்கடைக்காரி மெஷினிலிருந்து எழுந்து நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து இடம் பண்ணினாள்.

"வாங்க ஆபீசம்மா. எம்.பி.யம்மா அனுப்பினாங்களா?"

"இல்லை" என்றாள் குட்டி, வழக்கமான தணிந்த குரலில். "நானாத்தான் வந்தேன். உட்கார வரலை. ஒண்ணு கேட்கணும். தப்பா நினைக்காம ரெண்டு பேரும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பி நிக்கறீங்களா?"

"எதுக்கு?"

"என் முகத்தைப் பார்க்காம நான் சொல்றதைக் கேளுங்க. தயவு பண்ணி."

நேரில் இத்தனை நாள் பேசியும் ஊரில் ஒருவருக்கும் குரல் பிடிபடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முகம் எதிரில் இருக்கும்போது காது பாதி வேலைதான் பார்க்கும். போதாததற்கு, ஆளுக்கு எதிரில் குட்டி எப்போதும் குரலை இறக்கித்தான் பேசுவாள். போனில்தான் அவள் அக்காவைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவது.

கணவனும் மனைவியும் ஒன்றும் புரியாமல், நூல்கண்டு மாட்டிய சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். குட்டி முதுகை நிமிர்த்தினாள்.

"அவசரப்படாதீங்க. உங்க வரிசையைத் தொட மாட்டாங்க. நான் இருக்கேன்ல?"

டிரைவர்தான் முதலில் திரும்பினார். குட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், எம்.பி. வந்து நிற்கிறாரா என்று தெருவைக்கூட எட்டிப் பார்த்தார். மறுபடி குட்டியைப் பார்த்தார்.

தையல்கடைக்காரி திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

குட்டி சொன்னாள். இந்தத் தடவை பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

"அன்னைக்குப் பேசினது நான்தான். எங்க அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவங்களை மாதிரியே... அவங்கன்னு நினைச்சு எல்லாரும் பேசுவாங்க, நானும் அப்படியே விட்டுட்டேன். உங்க விஷயத்துல சரியா தெரியாம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மனைவியின் முதுகைப் பார்த்து, "நீ சொன்னது நிஜம்தான்" என்றார் மெல்ல. அவரோடு தீர்க்க வேண்டிய கணக்கை அவள் தனியாக வைத்திருந்தாள்.

திரும்பியபோது அவள் கண்ணில் நிம்மதி இல்லை.

"எனக்கே என் காது மேல சந்தேகம் வந்துடுச்சும்மா. வீட்டுக்கு வந்ததிலேர்ந்து அதையேதான் யோசிச்சுட்டிருந்தேன். ஒருவேளை கனவு கண்டேனா, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு. நீங்க மண்டபத்துல எங்க இருந்தீங்க?"

"மேடைக்குப் பக்கத்துல. மேசையில."

"நான் பேசினது கேட்டுதா?"

"கேட்டுது."

"அவங்க சிரிச்சது?"

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் கேட்டுது."

"அப்ப வாயைத் திறக்காம இருந்துட்டு, இங்க ஒருத்தரும் இல்லாத நேரமா பார்த்து வந்து அழறீங்க." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "தெரியாம சொன்னது தப்புதான், அதை நான் மன்னிச்சிடுவேன். யாருக்குத்தான் வாய் தவறாது? ஆனா தெரிஞ்சே உட்கார்ந்திருந்தீங்களே, அதை என்ன பண்றது?"

தையல்கடைக்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து மெஷின் மேல் போட்டாள்.

"நாளைக்கு அதே மண்டபத்துல கேட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரங்களுக்குக் கூட்டம். நானும் வருவேன். இங்க சொன்னதை அங்க சொல்லுங்க."

"அதைச் சொன்னா அவங்க அக்கா பாடு என்னாகும்?" என்றார் டிரைவர். பாவம், அவருக்குக் குட்டியின் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"என் பாடு என்னாகும்னு இன்னைக்கு யாராவது யோசிச்சாங்களா?" என்றாள் அவர் மனைவி. "எனக்கு மூணாவது மாடியே கிடைக்கட்டும். ஆனா பொய்க்காரிங்கற பேரோட என்னால ஏற முடியாது."

குட்டிக்கு அக்காவின் நாற்காலி கண்ணில் வந்து ஆடியது. எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? இத்தனை வருஷம் போனில் பேசியது யார், எந்த வாக்கு யாருடையது என்று ஊர் முழுக்கக் கிளம்பி வரும். பாலத்துக்கே ஒரு வழக்குப் போட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். தலைக்கு மேலே வெள்ளம். சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?

"சொல்றேன்" என்றாள்.

தையல்கடைக்காரி அவளை நம்பின மாதிரி தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று கேட்கக் குட்டிக்கும் உரிமை இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாள். அத்தான் இன்னும் கிளினிக்கிலிருந்து வரவில்லை. அக்கா முன்னறையில் தனியாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது, கழுவக்கூட இல்லை.

குட்டி எதிரில் போய் நின்றாள். உட்கார்ந்தால் மறுபடி மைக்கைப் பற்றிப் பேசிவிடுவோமோ என்று பயம்.

"அக்கா, அந்தத் தையல்கடையம்மாகிட்ட போன்ல பேசினது நான்தான்."

அக்கா பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அந்தம்மா 'நான் இருக்கேன்ல'ன்னாங்களே, அப்பவே. அந்த வார்த்தையை நான் தொகுதியில ஒருத்தர்கிட்டேயும் சொன்னதில்லைடி. சொல்ல பயம். சின்ன வயசுலேர்ந்து நீதான் சொல்லுவே. எதிர்வீட்டு நாய்க்கு நான் பயந்தாக்கூட, என் இடுப்பளவு உயரத்துல நின்னுக்கிட்டு 'நான் இருக்கேன்ல'ம்பே."

"தெரிஞ்சும் ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"என்ன சொன்னேன்? நான் சொல்லலைன்னு சொன்னேன். அதுல ஒரு எழுத்து பொய்யா?" என்று வெடுக்கென்று கேட்டவள், அடுத்த நொடியே உரித்த பழத்தைத் தட்டில் போட்டாள். "உண்மையைச் சொல்லியே ஒரு பொம்பளையைப் பொய்க்காரி ஆக்கிட்டேன். எனக்குத் தெரியாதா? தண்ணி குடிச்சேனே, தாகத்துக்கா குடிச்சேன்? நீ எழுந்திருப்பேன்னு பார்த்தேன். டம்ளர் காலியாகற வரைக்கும் பார்த்தேன். நீ மேசைக்கடியில போயிட்டே."

குட்டியின் கன்னத்தில் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"காலையில கார்லயும் கேட்டேன். ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. மைக்குங்கறே. எனக்கும் அதுக்கு மேல கேட்க விருப்பமில்லை. இத்தனை வருஷமா கேட்காமலே இருந்தவதானே நான். நீ எடுக்கற போனுக்கெல்லாம் எனக்குத்தானே நல்ல பேரு வந்துது. வாங்கிக்கிட்டேன், வாயை மூடிக்கிட்டு."

"நாளைக்குக் கூட்டத்துல சொல்றேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

அக்கா நிமிர்ந்தாள். எதிர்பார்க்கவில்லை போலும்.

"சொல்லு. சொன்னதும் உன்னை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. என் பக்கம்தான் திரும்புவாங்க. 'உங்களுக்குத் தெரியுமா'ன்னு ஒரே கேள்வி. தெரியாதுன்னா, பழி முழுக்க உன் தலையில. தெரியும்னா, அந்தம்மா நின்னப்ப ஏன் சும்மா இருந்தேன்னு கேட்பாங்க. நான் என்ன சொல்லணும்?"

இதுவரை எந்தக் கேள்விக்கும் அக்கா தங்கையிடம் யோசனை கேட்டதில்லை.

'தெரியாதுன்னு சொல்லிடுக்கா, நான் தாங்கிக்கறேன்.' இதுதான் நாக்கு நுனியில் நின்றது. இரக்கமான வார்த்தை. பொய்யான வார்த்தை. தையல்கடையில் சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகு நினைவுக்கு வந்தது.

"தெரியும்னு சொல்லுக்கா."

தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"மந்திரிங்க அத்தனை பேரும் முறைச்சாலும் நின்னு பேசுவேன்டி நான்" என்றாள் அக்கா கடைசியில். குரல் கம்மிப்போயிருந்தது. "கழுத்துல அளவு நாடா போட்ட ஒருத்திக்கு முன்னாடி அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ போய்ச் சொல்லு. நான் வருவேனான்னு எனக்கே தெரியலை."

வாசலில் அத்தானின் கார் வந்து நின்றது. கதவைத் திறக்க இருவருமே எழுந்திருக்கவில்லை.